அங்கோர் வாட் + சியெம் ரீப் சாப்பாடு: மூன்று பகலில் எதை எப்போது பார்ப்பது, என்ன சாப்பிடுவது?

பயணப்பை:
ஜனவரி கடைசியில் கம்போடியா. அங்கோர் வாட் கோயிலை ஒட்டிய சியெம் ரீப் ஊரில் மூன்று முழுப் பகல் கிடைக்கிறது. நாலு பேர். இரண்டு பேர் 65 தாண்டியவர்கள், அதில் ஒருவருக்கு மூட்டுவலி. இன்னொருவர் முட்டைகூடத் தொடாத சைவம். மற்ற இருவரும் எதையும் சாப்பிடுவோம், உள்ளூர்ச் சாப்பாட்டுக்காகவே பாதிப் பயணம்.

தெரிய வேண்டியது: எந்த டிக்கெட்? விடியலில் அங்கோர் வாட் போவது அவசியமா? கோயில் சுற்றும் நேரத்தில் சாப்பாட்டை எங்கே பொருத்துவது? சைவத்துக்கு என்ன வழி?

கல்தச்சன்:
டிக்கெட்டில் குழப்பமே வேண்டாம், மூன்று நாள் டிக்கெட். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த நாளில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, 10 நாளுக்குள் ஏதாவது மூன்று நாள். 12 வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம், ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். டிக்கெட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும். ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு கோயில் வாசலிலும் பார்ப்பார்கள். டிக்கெட் விற்கும் அரசு நிறுவனமான அங்கோர் எண்டர்பிரைஸின் சொந்தத் தளத்திலோ நகரத்து டிக்கெட் அலுவலகத்திலோ மட்டும் வாங்குங்கள். கோயில் வாசலில் டிக்கெட் விற்பனை கிடையாது. இது தெரியாமல் விடிகாலையில் நேராக வாசலுக்குப் போய் நிற்பவர்கள் திரும்பி நகரத்துக்கு வர வேண்டியிருக்கும், அதற்குள் சூரியன் மேலே வந்துவிடும்.

நேரம்: அங்கோர் வாட்டும் ஸ்ரா ஸ்ராங் குளக்கரையும் காலை 5 மணிக்குத் திறக்கும். மற்ற பெரும்பாலான கோயில்கள் 7:30 முதல் மாலை 5:30 வரை. ப்னோம் பாக்கெங், ப்ரே ரூப் இரண்டும் மாலை 7 வரை.

இனி முக்கியமான விஷயம். "சின்னச் சுற்று", "பெரிய சுற்று" என்று ஓட்டுநர்கள் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். எல்லாரும் அதே வரிசையில்தான் போவார்கள், அதனால் எல்லா இடத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். வெயிலும் சிற்பத்தின் மேல் விழும் வெளிச்சமும் எந்த மணிக்கு எங்கே என்று பார்த்து வரிசையை நீங்களே போடுங்கள். காலை 10:30 முதல் 2:30 வரை அறைக்குத் திரும்பிவிடுங்கள். 65 தாண்டியவர்களுக்கு அது கட்டாயம். ஜனவரி குளுமையான மாதம்தான், ஆனால் கருங்கல் போலச் சூடேறிய மணற்கல் முற்றத்தில் நடுப்பகலில் நிற்பது வேறு கதை.

என் பரிந்துரை:
நாள் 1: விடியலில் அங்கோர் வாட், காலை 9:30 வரை. மாலை பாயோன் கோயில்.
நாள் 2: 7:30க்குத் திறந்தவுடன் தா ப்ரோம் கோயில். மாலை 3 மணிக்கு மறுபடி அங்கோர் வாட், மேற்குப் பிரகாரம் மட்டும்.
நாள் 3: பாண்டே ஸ்ரே கோயில், வழியில் ப்ரேயா டாக் கிராமம்.

ஒரே கோயிலுக்கு ஏன் இரண்டு தடவை என்று கேட்பீர்கள். கிழக்குப் பிரகாரச் சிற்பங்களுக்குக் காலை வெளிச்சம், மேற்குக்கு மாலை வெளிச்சம். ஒரே தடவையில் இரண்டையும் பார்த்தால் ஒன்று இருட்டில்தான் தெரியும்.

மஞ்சள்வெயில்:
கல்தச்சன் சொன்ன வரிசை சரி. விடியலைப் பற்றி மட்டும் என் கருத்து கொஞ்சம் வேறு.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். அதனால் நாம் மேற்கே நிற்க, சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் நடைபாதையிலிருந்து பார்த்தால் நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே எழும். ஜனவரியில் அப்படியில்லை, சூரியன் தெற்கே, அதாவது உங்களுக்கு வலப்பக்கமாகத் தள்ளி வரும். அதனால் இடப்பக்கம் உள்ள வடக்குக் குளத்தின் கரையில் நின்றால் கோபுரமும் சூரியனும் ஒரே பார்வையில் சேரும். ஜூன் வாக்கில் போகிறவர்களுக்கு இது நேர்மாறு, தெற்குக் குளம்தான் பொருந்தும்.

ஜனவரி கடைசியில் சூரிய உதயம் சுமார் 6:30க்கு மேல். நல்ல நிறம் அதற்கு அரை மணி முன்பே வந்து போய்விடும். 5 மணிக்கு உள்ளே நுழைந்தால் குளத்தின் முன்வரிசை, 5:45க்கு வந்தால் ஐந்தாறு தலைகளுக்குப் பின்னால். பெரியவர்கள் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை யோசியுங்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் குளத்தை விட்டுவிட்டு, நடைபாதையின் இருபுறமும் உள்ள நூலகக் கட்டடங்களின் படிகளுக்குப் போகலாம். தண்ணீரில் நிழல் தெரியாது, ஆனால் கூட்டம் குறைவு.

அகழியைத் தாண்டும் பாதை மட்டுமே கிட்டத்தட்ட 190 மீட்டர். உள்வாசல் தாண்டி இன்னொரு 350 மீட்டர். இருட்டில் கல் மேடு பள்ளம். ஆளுக்கு ஒரு கைவிளக்கு கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதிலேயே மாட்டிக்கொள்ளும், கைத்தடி வைத்திருப்பவருக்கு அது ஆபத்து.

உதயம் முடிந்ததும் கூட்டத்தில் பாதி காலைச் சாப்பாட்டுக்கு வெளியே போகும். நீங்கள் அப்போது போகாதீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் கோயில் காலியாக இருக்கும் நேரம்.

அரைப்படி:
சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. கெமர் மக்களோட, அதாவது கம்போடியாக்காரங்களோட, நல்ல சாப்பாடு பாதி காலையிலேயே முடிஞ்சிடும். 9 மணிக்கு மேல சந்தைக்குப் போய் "எங்கே அந்த நூடுல்ஸ்"னு கேட்டா பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க. ராத்திரி பப் ஸ்ட்ரீட்னு சொல்ற சுற்றுலாத் தெருவுல மெனு கார்டு பார்த்துச் சாப்பிடறது கெமர் சாப்பாட்டோட சின்னத் துண்டு மட்டும்தான்.

காலைக்கு மூணு:

பாய் சாச் ஷ்ரூக். மெல்லிசா வெட்டின பன்றி இறைச்சியைப் பூண்டு, பனைவெல்லம், சோயா, சில இடத்துல தேங்காய்ப்பாலும் சேர்த்து ஊற வெச்சு, கரியில மெதுவா வாட்டுவாங்க. சோறு, வெள்ளரி-கேரட் ஊறுகாய், பக்கத்துல ஒரு கிண்ணம் தெளிஞ்ச ரசம். நல்ல கடையா இல்லையான்னு அடுப்பைப் பார்த்தே சொல்லிடலாம். கரி சிவந்து, மேல சாம்பல் பூத்து, தீக்கொழுந்து இல்லாம இருக்கணும். கொழுந்து எரிஞ்சா வெல்லம் கருகிக் கசக்கும்.

குய் தியெவ். பன்றி எலும்புச் சாறுல அரிசி நூடுல்ஸ். மேசையில இருக்கிற எலுமிச்சை, மிளகாய், சர்க்கரை எல்லாம் நீங்களே போட்டுக்க வேண்டியது. அப்படியே குடிச்சுட்டு சப்புனு இருக்குன்னு சொல்லக் கூடாது.

நோம் பான் சோக். இதுக்குத்தான் ப்ரேயா டாக் போறது. ஊற வெச்ச அரிசியை அரைச்சு, மூட்டை கட்டி நீரை வடிச்சு, இடிச்சு, துளைச் சல்லடை வழியாக் கொதிக்கிற தண்ணிக்குள்ள பிழிவாங்க. நம்ம இடியாப்ப மாவை ஆவிக்குப் பதிலா வெந்நீர்ல விட்ட மாதிரி, ஆனா லேசாப் புளிச்சிருக்கும். மேல எலுமிச்சம்புல் அரைச்ச பச்சை மீன் குழம்பு. கூடவே பச்சையா வாழைப்பூ, வெள்ளரி, அல்லித்தண்டு, முளைப்பயறு. குழம்பு வெதுவெதுப்பாத்தான் இருக்கும், கொதிக்கக் கொதிக்க வராது. அது பழசுன்னு நினைக்காதீங்க, அப்படித்தான் பரிமாறுவாங்க.

விலை சாதாரணக் கடையில ஒண்ணரை, ரெண்டு டாலருக்குள்ள முடியும்.

பயணப்பை:
அருமை. அப்படியானால் நாள் 1-இல் விடியலுக்குப் போனால் காலைச் சாப்பாடு போய்விடுமே? 9:30க்கு வெளியே வந்தால் சந்தையில் ஒன்றும் இருக்காது என்கிறீர்களே. கோயில் எதிரிலேயே கடைகள் இருப்பதாகப் படித்தேன், அங்கே சாப்பிடலாமா?

அரைப்படி:
அந்தக் கடைகள்ல பசிக்குச் சாப்பிடலாம், ருசிக்குன்னு சொல்ல மாட்டேன். ஒரே மெனு, ஒரே நூடுல்ஸ் வதக்கல், நகரத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல விலை. உட்காரும்போதே விலையைக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. நாள் 1-க்கு முந்தின ராத்திரியே ஏதாவது வாங்கி வெச்சுக்கோங்க. நும் பாங் ரொட்டி ராத்திரி வாங்கினா காலைல நமுத்துப் போயிடும். க்ரலான் சரியா வரும்: பசையரிசி, காராமணி, தேங்காய்ப்பால் மூணையும் மூங்கில் குழாய்க்குள்ள அடைச்சுச் சுட்டது. மூங்கிலை வாழைப்பழம் மாதிரி உரிச்சுச் சாப்பிடலாம். மீன் கலப்பில்லை, அதனால சைவக்காரருக்கும் ஆகும். விடியும்போது வயித்துக்குத் தாங்கும்.

கல்தச்சன்:
கடைக்காரர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே கடை போட்டிருப்பவர்களில் பலர் கோயிலைச் சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்ந்தவர்கள். இளநீர், காப்பி, பழம் இவற்றை அங்கே வாங்குவதில் தவறே இல்லை. இளநீர் எங்கும் ஒரே ருசிதான். ஆனால் சிறு குழந்தைகள் அஞ்சலட்டை விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்க வாங்க அவர்கள் பள்ளிக்குப் போவது நிற்கும்.

இன்னொன்று, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நடக்காதீர்கள். வாழைப்பழம், பிளாஸ்டிக் பை, பாட்டில் எது தெரிந்தாலும் குரங்கு பாயும். கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி தொடங்க வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கீரைக்கட்டு:
சைவத்துக்கு வருகிறேன். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்றுதான். கெமர் சமையலில் மீன் என்பது துண்டாக மட்டும் வருவதில்லை. ப்ரஹொக் என்று உப்பில் புளிக்க வைத்த மீன் விழுது, மீன் சாறு, இறால் விழுது, சிப்பி சாஸ் என்று நாலு வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொடுப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, மீன் சாறு அவர்களுக்கு உப்பு போல.

அதனால் பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சுத்த மரக்கறி உணவைக் கெமர் மொழியில் "ம்ஹோப் புவாஹ்" என்பார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு, மீன் சாறு, ப்ரஹொக், இறால் விழுது, சிப்பி சாஸ், முட்டை, கோழிச் சாறு எதுவும் வேண்டாம் என்று கெமர் எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றைக் காட்டுங்கள். தங்கும் விடுதி வரவேற்பில் கேட்டால் எழுதித் தருவார்கள். போன் மொழிபெயர்ப்பை விட அந்தக் கையெழுத்துச் சீட்டு நன்றாக வேலை செய்யும்.

எதை நம்பலாம்:
க்ரலான் சரி. வாழைப்பழம் வைத்து இலையில் மடித்த அன்சாம் செக் சரி. அதையே பன்றி இறைச்சி வைத்தும் செய்வார்கள், பெயர் அன்சாம் ஷ்ரூக், மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கேட்டு வாங்குங்கள். பனம்பழச் சாறும் அரிசி மாவும் சேர்த்து அவித்த மஞ்சள் நிற நும் அகோர் த்னோட் சரி.

எதில் கவனம்:
வள்ளைக்கீரை வதக்கல் எல்லா இடத்திலும் கிடைக்கும், வழக்கமாகச் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். வெறும் சோயா சாஸ் என்று சொல்லிச் செய்ய வைக்கலாம். டோஃபு போட்ட அமோக் (மசாலா விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவிப்பது) என்று மெனுவில் இருக்கும், ஆனால் மசாலா விழுதை மொத்தமாக அரைத்து வைத்திருந்தால் அதற்குள்ளேயே இறால் விழுது சேர்ந்திருக்கும். "விழுது இங்கேயே, இப்போது அரைத்ததா" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பழச்சாறு போல விற்கும் டிக்-அ-லோக்கில் சில கடைகளில் பச்சை முட்டை மஞ்சள்கருவும் அடிப்பார்கள். முட்டை வேண்டாதவர் மிக்ஸி சுழலும் முன்பே சொல்ல வேண்டும்.

பழைய சந்தையைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு, முழுச் சைவக் கடைகளும் உண்டு. தினமும் ஒரு வேளையாவது அங்கே வைத்துக்கொண்டால் சைவக்காரர் நிம்மதியாக இருப்பார். மற்ற வேளைகளில் துணிந்து உள்ளூர் உணவைத் தேடலாம்.

நாணயம்:
பணமும் நுழைவும் பற்றிச் சுருக்கமாக.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கும். சுற்றுலா விசா 30 டாலர், 30 நாள். ஆறு மாதம் செல்லும் பாஸ்போர்ட், ஒரு புகைப்படம், டாலர் ரொக்கம். இ-அரைவல் என்ற வருகைப் படிவத்தை வருவதற்கு 7 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

2023 அக்டோபரிலிருந்து புதிய விமான நிலையம்தான். ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரப் பயணம். பழைய வலைப்பதிவுகளில் "பத்து நிமிடத்தில் ஊர்" என்று இருக்கும், அது மூடிய பழைய நிலையத்தைப் பற்றியது. இரவு விமானத்தில் இறங்கி மறுநாள் விடியலுக்குப் போகத் திட்டமிட்டவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். அப்படி இரவில் இறங்கினால் மறுநாள் காலையை விடியலுக்கு ஒதுக்காதீர்கள்.

தாய்லாந்திலிருந்து தரைவழியாக வரலாம் என்று திட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 ஜூனில் எல்லைக் கடவுகள் மூடப்பட்டன. அதன் பிறகு மோதலும் நடந்தது. விமானத்தில் வருவதுதான் உறுதியான வழி. கிளம்பும் முன் நிலவரம் பாருங்கள்.

பணம்: டாலரும் உள்ளூர் நாணயமான ரியலும் சேர்ந்தே ஓடும். கணக்குக்கு 1 டாலர் = சுமார் 4,000 ரியல். டாலர் சில்லறைக் காசு கிடையாது, மீதியை ரியலில் தருவார்கள். நுனி கிழிந்த, பேனா கிறுக்கிய டாலரை யாரும் வாங்க மாட்டார்கள். மீதியாக அப்படி ஒரு நோட்டு உங்களிடம் வந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக் கேளுங்கள். ஏடிஎம்மில் 100 எடுத்தால் ஒரே நோட்டாக வரலாம், சந்தைக் கடையில் அதை உடைக்க முடியாது. 90 என்று எடுத்தால் சிறிய நோட்டுகள் வரும். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் 4, 5 டாலர் போகும், எனவே சின்னச் சின்னதாக எடுக்க வேண்டாம்.

வண்டி: நாலு பேருக்கு துக்-துக்கில் நெருக்கமாக இடம் இருக்கும். கோயில் வட்டாரத்துக்கு ஒரு நாள் சுமார் 15 முதல் 20 டாலர், விடியல் என்றால் கொஞ்சம் கூடுதல். ஊருக்குள் வண்டி அழைக்கும் செயலிகளான பாஸ்ஆப், கிராப் இரண்டும் உண்டு. பாண்டே ஸ்ரே நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். போக வர 70 கிலோமீட்டர் தூசியும் குலுக்கலும் மூட்டுவலிக்கு ஆகாது.

பயணப்பை:
எல்லாருக்கும் நன்றி. மூட்டுவலிக்காரர் மேல் அடுக்குக்கு ஏறலாமா? ஏறாவிட்டால் கோயிலைப் பார்த்ததாக ஆகுமா?

கல்தச்சன்:
மேல் அடுக்கின் பெயர் பாகான். பழைய கற்படிகள் ஏணி போலச் செங்குத்து. அதன்மேல் மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் செங்குத்துதான். ஏறுவதை விட இறங்குவது முழங்காலைப் படுத்தும். மூட்டுவலிக்காரர் விட்டுவிடலாம். மற்றவர்கள் காலை 6:40க்குத் திறக்கும்போதே வரிசையில் நில்லுங்கள். ஒரு நேரத்தில் 100 பேரைத்தான் மேலே விடுகிறார்கள். 8 மணிக்கு மேல் வரிசை வெயிலில் நிற்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத மேல்சட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தால் அனுப்ப மாட்டார்கள், சட்டையே கையுள்ளதாக இருக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. மாதத்தில் நாலு பௌத்த விரத நாட்களில் பாகான் மூடியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகளை ஒட்டி வரும். காலண்டரைப் பார்த்து நாள் 1-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏறாவிட்டால் பார்த்ததாக ஆகுமா என்று கேட்டீர்கள். நிச்சயமாக ஆகும். கோயிலின் உயிர் கீழ்ப் பிரகாரத்தில்தான் இருக்கிறது. சுமார் 215 மீட்டருக்கு 187 மீட்டர் சுற்று, முழுக்க நிழல், சமதளம். வாசற்படிகள்தான் உயரம், நிதானமாக ஏறினால் போதும். இரண்டாம் சூர்யவர்மன் 1113-இல் அரியணை ஏறி, திருமாலுக்காக எழுப்பிய கோயில் இது. அதனால் தமிழ் வாசகருக்குப் பாதிக் கதைகள் யாரும் விளக்காமலே புரியும்.

காலையில், உதயம் முடிந்ததும் நேராகக் கிழக்குப் பிரகாரத்தின் தென்பாதிக்குப் போங்கள். திருப்பாற்கடல் கடையும் சிற்பம், 49 மீட்டர் நீளம். இடக்கோடியில் அசுரர்கள் தொடங்குகிறார்கள், 92 பேர், தலையில் கொண்டைக் கவசம். வலப்பக்கம் தேவர்கள் 88 பேர், கூம்பு மகுடம். நடுவில் திருமால், காலடியில் கூர்மம். வாசுகியின் உடலுக்குக் கீழே கடல் மீன்களையும் முதலைகளையும் கிட்டே போய்ப் பாருங்கள். மந்தர மலையை நெருங்க நெருங்க, சுழலின் வேகத்தில் மீன்கள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் காணாமலே போகிறார்கள்.

அங்கிருந்து மூலை திரும்பினால் தெற்குப் பிரகாரம். முதலில் சொர்க்க நரகம்: எருமை மேல் யமன், அருகில் சித்திரகுப்தன், 32 நரகங்கள். அடுத்த பாதியில் சூர்யவர்மனே யானை மேல், தலைக்கு மேல் 15 குடைகள். குடைகளை எண்ணினால் யார் அரசன், யார் தளபதி என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மேற்குப் பிரகாரத்தை நாள் 2 மாலைக்கு வைத்திருங்கள். தென்பாதி குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். வடபாதி இலங்கைப் போர், அனுமன் தோளில் இராமன், எதிரே பத்துத் தலையோடு இராவணன். மாலைச் சூரியன் தூண்களின் இடைவெளியில் சாய்வாக விழும்போது ஒரு விரல் ஆழச் செதுக்கல்கூட நிழல் கட்டித் தெரியும்.

வடகிழக்கு மூலைச் சிற்பங்கள் 16ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை, வேலைப்பாடு குறைவு. பெரியவர்கள் களைத்திருந்தால் அதைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

மேற்குக் கோபுர வாசலில் தென்பக்கமாக எட்டுக் கைத் திருமால் நிற்கிறார். இன்றும் பட்டுடுத்தி ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். உள்ளே போகும் அவசரத்தில் எல்லாரும் நடுவாசலில் நுழைந்து அவரைத் தவறவிடுகிறார்கள்.

மஞ்சள்வெயில்:
கல்தச்சன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வண்டிக்காரரைக் கிழக்கு வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். கிழக்கே வெளியேறினால் அந்த அரை கிலோமீட்டர் திரும்பி நடப்பது மிச்சம். மரநிழல் பாதை, கூட்டமும் இருக்காது. ஆனால் வண்டி எங்கே நிற்கும் என்று காலையிலேயே போன் படத்தில் காட்டி உறுதி செய்யுங்கள். "வாசல்" என்றால் ஓட்டுநர்கள் மேற்கு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அரைப்படி:
அமோக் பற்றி யாரும் பேசலையே. அதுதான் நாட்டோட பேர் பெற்ற பதார்த்தம், அதுதான் அதிகமாக் கெட்டுப்போறதும்.

சரியான மீன் அமோக் குழம்பு இல்லை. வாழையிலைத் தொன்னையில ஆவில வெந்து, கரண்டியால வெட்டினா துண்டா வரணும். பல உணவகங்கள்ல வாணலியில தேங்காய்ப்பால் குழம்பு வெச்சு வாழையிலைக் கிண்ணத்துல ஊத்திக் கொடுக்கிறாங்க. ஆர்டர் குடுத்து 10 நிமிஷத்துல வந்தா அது ஊத்தினதுதான்னு வெச்சுக்கலாம். நிஜமா அவிக்க 20, 25 நிமிஷம் ஆகும். "ஆவில வேக வெச்சதா"ன்னு கேட்டுட்டு உட்காருங்க.

சமையல் வகுப்பு சேர்ற எண்ணம் இருந்தா அளவு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, நாலு பேருக்கு: விரால் மாதிரி முள் நீக்கின வெள்ளை மீன் 500 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, முட்டை 1, மீன் சாறு 1 மேசைக்கரண்டி, பனைவெல்லம் 2 தேக்கரண்டி. விழுதுக்கு எலுமிச்சம்புல் 3 தண்டு (அடிப்பாகம் மட்டும்), பேரரத்தை ஒரு அங்குலம், பச்சை மஞ்சள் ஒரு அங்குலம், பூண்டு 4 பல், சின்ன வெங்காயம் 5, காஃபிர் லைம் இலை 4 நடுநரம்பு எடுத்தது, ஊற வெச்ச காய்ந்த மிளகாய் 3.

எலுமிச்சம்புல்லைப் பொடியா நறுக்காம இடிச்சா எத்தனை நேரம் இடிச்சாலும் நார் நாராத்தான் இருக்கும். முதல்ல அதை இடிச்சு மசிச்சுட்டு அப்புறம் ஈரமானதைச் சேர்க்கணும். மீனைத் துணியில ஒத்தி ஈரம் எடுக்கலைன்னா அமோக் இறுகாது, கீழே தண்ணி விட்டு நிக்கும். தொன்னை அடியில நோனி இலை போடுவாங்க, லேசான கசப்பு வரும், அதுதான் அந்தக் கொழுப்பைச் சமன் பண்றது. தண்ணி கொதிச்சு ஆவி வந்த பிறகு தொன்னையை வெச்சு, தீயைக் குறைச்சுடணும். பெருந்தீயில அவிச்சா முட்டை திரிஞ்சு ஓட்டை ஓட்டையா ஆயிடும். மேல ஊத்த கால் கப் கெட்டிப்பாலைத் தனியா எடுத்து வெச்சு, கடைசி 5 நிமிஷத்துல ஊத்துவாங்க.

கீரைக்கட்டு:
சைவமாக அதையே செய்யச் சொன்னால் முட்டைக்குப் பதில் அரிசி மாவு 2 மேசைக்கரண்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக்கொள்ளலாம், இறுகும். டோஃபுவையும் காளானையும் முதலில் வதக்கி நீர் வற்ற வைக்க வேண்டும். மீன் சாறுக்கு உப்பும் சோயாவும். இடத்திலேயே இடிப்பதால் வகுப்புதான் சைவக்காரருக்கு மிகப் பத்திரமான அமோக்.

பயணப்பை:
மூன்றாம் நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். பாண்டே ஸ்ரேவுக்கு அத்தனை தூரம் போவது தகுமா? சாலை 60-இல் இரவுச் சந்தை என்று ஒன்று கேள்விப்பட்டேன், அது எப்படி?

கல்தச்சன்:
தகுமா என்றால், மூன்று நாளில் ஒன்றைக் குறைக்கச் சொன்னாலும் பாண்டே ஸ்ரேவைக் குறைக்க மாட்டேன். கி.பி. 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசர் இல்லை, யஜ்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். அளவில் சிறியது, இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செதுக்கியது போன்ற நுணுக்கம். இராவணன் கயிலையை அசைப்பது, காமதகனம், காண்டவ வனத்தின் மேல் இந்திரன் மழை பொழிவது எல்லாம் தலைக்கு மேலே முக்கோண முகப்புகளில்.

தமிழர் கட்டாயம் தேட வேண்டியது கிழக்கு வாசல் முகப்பில் ஆடும் சிவன். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உருவம் உட்கார்ந்திருக்கும். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். உயரத்தில் இருப்பதால் ஒரு சின்னத் தொலைநோக்கி அல்லது போனில் நல்ல ஜூம் தேவை.

7:30க்குத் திறக்கிறது, கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெளிச்சம் முகப்பிலேயே விழும். 9 மணிக்குப் பேருந்துக் கூட்டம் வந்துவிடும், நடுவில் கயிறு கட்டியிருப்பதால் ஒதுங்க இடமில்லை. அதனால் 6:15க்கே ஊரிலிருந்து கிளம்புங்கள்.

அரைப்படி:
நோம் பான் சோக்கைக் கோயிலுக்குப் போகும்போதே ப்ரேயா டாக்ல முடிச்சுடுங்க. திரும்பி வரும்போது வெச்சுக்கலாம்னா 10 மணி ஆயிடும், தீர்ந்திருக்கலாம். திரும்பும்போது அதே சாலையில பனைவெல்லம் காய்ச்சற அடுப்புகளைப் பாருங்க. பதநீரை அகலமான வாணலியில மணிக்கணக்காக் காய்ச்சி, இறக்கி, கிளறிக் கிளறி வெளுக்க வெச்சு, வட்ட வட்டமா ஊத்தி ஓலையில கட்டுவாங்க. வாங்கும்போது ஒரு வில்லையை விரலால அழுத்திப் பாருங்க. ஒட்டினாலோ ஈரமாப் பளபளத்தாலோ வெயில்ல உருகி மூட்டைக்குள்ள ஒழுகும். உடைச்சா மணல் மணலா உதிரணும்.

சாலை 60 சாயங்காலம் 5 மணிக்கு மேல களை கட்டும். உள்ளூர்க் குடும்பங்கள் பாய் விரிச்சு உட்கார்ந்து சாப்பிடற இடம். டிக்கெட் அலுவலகமும் அதே பக்கம்தான். வாட்டின கோழி, மீன், வறுத்த பூச்சிகள், லோர்ட் சாங்கிற குட்டை அரிசி நூடுல்ஸ் வதக்கல் எல்லாம் இருக்கும். எது கண்ணெதிரே அடுப்புல இருந்து இறங்குதோ அதை மட்டும் வாங்குங்க. அடுக்கி வெச்சு ஆறினது வேண்டாம். பானத்துல ஐஸ் போடும்போது நடுவுல துளை உள்ள உருளை ஐஸ் ஆலையில தயாரானது, அதுக்குப் பயமில்லை. கட்டியை உடைச்சுத் தூளாக்கினதை விட்டுடுங்க. குழாய்த் தண்ணி பல் தேய்க்கக்கூட வேண்டாம்.

பயணப்பை:
நாள் வரிசையைப் போட்டுவிட்டேன், கடைசியாக ஒன்று. பனைவெல்லமும் காம்போட் வட்டாரத்து மிளகும் வாங்கினால் கைப்பையில் வரலாமா?

நாணயம்:
மிளகு கைப்பையில் வரும். காம்போட் மிளகுக்குப் புவிசார் குறியீடு உண்டு, பொட்டலத்தில் அந்த முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் மூட்டையிலிருந்து அள்ளித் தருவது வேறு ஊர் மிளகாக இருக்கலாம். கட்டி வெல்லமும் வரும், ஆனால் புட்டியில் விற்கும் கூழ் வெல்லம் திரவக் கணக்கில் சேரும், அதைப் பெட்டியில் போடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பை, நடுவில் துணி. மீன் விழுது ப்ரஹொக் வாங்க ஆசைப்பட்டால் அதுவும் பெட்டியில்தான். காற்றுப் புகாமல் மூடிய ஆலைப் புட்டியாக வாங்குங்கள், சந்தைப் பொட்டலம் சரக்கறையில் கசிந்தால் மற்றவர்கள் பெட்டியிலும் நாற்றம் ஏறும்.